டேட்டாபேஸின் சாவி யாரிடம் இருக்கிறது?

உபுண்டு லினக்ஸ் பதிந்த கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை நிறுவுவது இன்று ஒரு வரி வேலை. பி.எச்.பி. கற்றுக்கொள்ள, வேர்ட்பிரஸ் தளம் ஒன்றை வீட்டிலேயே அமைத்துப் பார்க்க, கடைக் கணக்கை ஒரு புரோகிராமில் போட்டு வைக்க என்று பலரும் இதை நிறுவுகிறார்கள். கட்டளை கொடுத்ததும் நெட்டிலிருந்து பைல்கள் இறங்கும். சில நிமிடங்களில் டேட்டாபேஸ் தயார். நடுவில் எங்கேயும் அது உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மறுநாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், நீங்கள் எதையும் கிளிக் செய்யாமலேயே பின்னணியில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் இந்த டேட்டாபேஸுக்கு முதலாளி யார்? தினமும் அதை எழுப்பி விடுவது யார்? புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கான புத்தகங்கள் முதல் கேள்விக்கு அரைப் பக்கம் ஒதுக்கும். இரண்டாவதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஆனால் எழுப்பி விடுகிறவர் யாரோ, அவரிடம்தான் முதலாளியின் சாவியும் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினல் விண்டோவில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்ட வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு ஆட்கள்

யூனிக்ஸ் வழிவந்த எல்லா இயங்குதளங்களிலும் ரூட் என்ற யூசர் உண்டு. அவருடைய அடையாள எண் 0. எந்த பைலையும் திறக்கலாம், அழிக்கலாம், எந்த புரோகிராமையும் நிறுத்தலாம். உபுண்டுவில் நேரடியாக ரூட்டாக நுழையாமல், தேவைப்படும்போது மட்டும் சூடோ என்ற கட்டளையை முன்னால் சேர்த்து அந்த அதிகாரத்தைக் கடன் வாங்குகிறோம்.

மைஎஸ்க்யூஎல் உள்ளேயும் ரூட் என்று ஒருவர் இருக்கிறார். இவர் வேறு ஆள். மைஎஸ்க்யூஎல் தனக்கென்று ஒரு யூசர் பட்டியல் வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற பெயரிலேயே உள்ள ஒரு டேட்டாபேஸில் யூசர் என்ற டேபிளில் அந்தப் பட்டியல் இருக்கும். அதில் உள்ள ரூட்டுக்கு எல்லா டேபிள்களையும் பார்க்கலாம், மற்ற யூசர்களை உருவாக்கலாம், நீக்கலாம். ஆனால் உங்கள் போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டர் அவருக்குச் சொந்தமல்ல. யூனிக்ஸ் வழக்கத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் இது. வேறு பெயரிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை உருவாக்கலாம்.

குழப்பம் இதோடு முடியவில்லை. லினக்ஸின் யூசர் பட்டியலில் மைஎஸ்க்யூஎல் என்று மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார். இவர் வேலைக்காரர். டேட்டாபேஸ் சர்வர் இவருடைய பெயரில்தான் ஓடுகிறது. சர்வரில் உள்ள ஓட்டை வழியாக யாராவது நுழைந்தாலும், இந்த வேலைக்காரரின் குறைந்த அதிகாரம் மட்டுமே அவர்கள் கைக்குப் போகும். முழு கம்ப்யூட்டரும் போகாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல்-இல் ஒரு கணக்கு என்பது பெயர் மட்டுமல்ல, எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். லோக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது இதே கம்ப்யூட்டரிலிருந்து வரும் ரூட் ஒரு கணக்கு. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் வரலாம் என்பதற்கு இடத்தின் பெயராகச் சதவீதக் குறி போடுவார்கள். அந்தக் குறியோடு உள்ள ரூட் வேறு கணக்கு, அதற்கு வேறு பாஸ்வேர்ட். வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த இரண்டாவது ரூட் இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

காலி பாஸ்வேர்ட் காலம்

மைஎஸ்க்யூஎல்-இன் 5.6 வரையான பதிப்புகளை மூலத் தொகுப்பிலிருந்து நிறுவினால், ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்டே இருக்காது. கூடவே பெயரில்லாத ஒரு கணக்கும், டெஸ்ட் என்ற ஒரு டேட்டாபேஸும் கிடைக்கும். பழகுபவர்களுக்கு வசதி என்று நினைத்துக் கொடுத்தார்கள். இவற்றைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு தனி ஸ்கிரிப்டையும் கொடுத்தார்கள். அதை இயக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

2005 ஜனவரியில், விண்டோஸில் ஓடிய மைஎஸ்க்யூஎல் சர்வர்களைத் தேடிச் சென்ற ஒரு வார்ம் பரவியது. அது புதிய ஓட்டை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரூட்டுக்கு எளிதாக ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட் இருக்கிறதா என்று ஒரு பட்டியலை வைத்து முயன்று பார்த்தது, நுழைந்தது. 2017 ஜனவரியில் இதே கதை மோங்கோடிபி என்ற டேட்டாபேஸுக்கு நடந்தது. பாஸ்வேர்ட் இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, திரும்ப வேண்டுமானால் பிட்காயின் அனுப்புங்கள் என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். அடுத்த மாதமே மைஎஸ்க்யூஎல் சர்வர்களும் இதில் மாட்டின.

2015 அக்டோபரில் வந்த 5.7 பதிப்பிலிருந்து நிலைமை மாறியது. நிறுவும்போதே ரூட்டுக்குத் தாறுமாறான எழுத்துகளில் தற்காலிகப் பாஸ்வேர்ட் ஒன்றை அமைத்து லாக் பைலில் எழுதி வைக்கும். முதல் முறை நுழைந்ததும் மாற்றியே ஆக வேண்டும். உபுண்டு இன்னொரு வழியை எடுத்தது. அங்கே ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. காலி பாஸ்வேர்ட் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பாஸ்வேர்ட் என்ற முறையே அந்தக் கணக்குக்கு இல்லை. நீங்கள் கதவைத் தட்டும்போது, "தட்டுகிறவர் யார்?" என்று சர்வர் லினக்ஸின் கெர்னலைக் கேட்கிறது. இயங்குதளத்தின் ரூட் என்று கெர்னல் சொன்னால் திறக்கும். வேறு யார் என்றாலும் திறக்காது. இதற்கு ஆத் சாக்கெட் என்று பெயர். அதனால்தான் உபுண்டுவில் சூடோ மைஎஸ்க்யூஎல் என்று கொடுத்ததும் கேள்வியில்லாமல் உள்ளே போக முடிகிறது.

மைஎஸ்க்யூஎல்-ஐ உருவாக்கிய மான்டி விடேனியஸ் 2009-இல் தனியே பிரித்து வளர்த்த மரியாடிபி-யும், 2019-இல் வந்த 10.4 பதிப்பிலிருந்து இந்த முறைக்கு மாறிவிட்டது. (மை, மரியா இரண்டும் அவருடைய மகள்களின் பெயர்கள்!)

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிஎச்பிமைஅட்மின் நிறுவி, ரூட் என்று கொடுத்து நுழைய முயல்வார்கள். அனுமதி மறுக்கப்படும். காரணம் எளியது. அங்கே கதவைத் தட்டுவது வெப் சர்வர். அதற்கு லினக்ஸில் வேறு யூசர் பெயர். கெர்னல் அந்தப் பெயரைத்தான் சொல்லும். உடனே நெட்டில் தேடி, ரூட்டைப் பாஸ்வேர்ட் முறைக்கு மாற்றும் கட்டளையைக் கண்டுபிடித்து ஒட்டிவிடுகிறார்கள். நான் இதை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. சூடோ மைஎஸ்க்யூஎல் என்று உள்ளே போங்கள். கிரியேட் டேட்டாபேஸ் கட்டளையால் கடை என்று ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்கள். கிரியேட் யூசர் கட்டளையால் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் கணக்கு என்று ஒரு யூசரைப் பாஸ்வேர்டுடன் உருவாக்குங்கள். பிறகு கிரான்ட் கட்டளையால் கடை டேட்டாபேஸின் அதிகாரங்களை மட்டும் அவருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி போட வேண்டும், மறக்காதீர்கள். பிஎச்பிமைஅட்மினிலும் உங்கள் புரோகிராமிலும் இந்தப் புதிய பெயர் போதும். உங்கள் பி.எச்.பி. பைலில் தவறு இருந்தாலும் பாதிப்பு அந்த ஒரு டேட்டாபேஸோடு நிற்கும்.

காலையில் எழுப்புவது யார்?

லினக்ஸ் கெர்னல் எழுந்ததும் முதலில் இயக்கும் புரோகிராமின் எண் 1. மற்ற எல்லாவற்றையும் அதுதான் எழுப்புகிறது. முன்பு அந்த இடத்தில் இனிட் என்ற புரோகிராம் இருந்தது. ஈடிசி டைரக்டரிக்குள் வரிசையாக ஸ்கிரிப்ட்களை வைத்து ஒவ்வொன்றாக இயக்கும். 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் சிஸ்டம்டி என்ற புரோகிராமுக்கு மாறின. இன்று நீங்கள் நிறுவும் பெரும்பாலான லினக்ஸ்களில் இதுதான் இருக்கும். இதனிடம் பேசும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகளை இடைவெளியில்லாமல் சேர்க்க வேண்டும்.

இங்கே இரண்டு ஜோடிச் சொற்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஸ்டார்ட், ஸ்டாப் என்பவை இப்போதைக்கு ஓட வைப்பதும் நிறுத்துவதும். எனேபிள், டிசேபிள் என்பவை அடுத்த முறை கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக எழ வேண்டுமா, வேண்டாமா என்பது. "நிறுத்தினேன், மறுநாள் திரும்ப ஓடுகிறது" என்று குழம்புகிறவர்கள் ஸ்டாப் மட்டும் கொடுத்திருப்பார்கள். சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் மைஎஸ்க்யூஎல் என்று கொடுத்தால் மறுநாள் அது எழாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகுகிறவர் என்றால், 4 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டரில் தினமும் சில நூறு எம்.பி.யை அதற்குக் கொடுத்து வைப்பானேன்? தேவைப்படும்போது ஸ்டார்ட் கொடுங்கள். ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் ஆரக்கிள் தரும் தொகுப்பை நிறுவியிருந்தால் சர்வீஸின் பெயருக்குப் பின்னால் ஒரு டி சேரும். மரியாடிபி-க்கு அதன் பெயரே.

எழுந்த சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது தனியாக ஒரு செட்டிங் பைலில் இருக்கிறது. உபுண்டுவில் ஈடிசி டைரக்டரிக்குள் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் இதைத் தேடுங்கள். சதுர அடைப்புக்குள் தலைப்புகள் இருக்கும். கிளையன்ட் என்ற தலைப்பின் கீழ் உள்ளவை சர்வரோடு பேசும் புரோகிராம்களுக்கு. மைஎஸ்க்யூஎல்டி என்ற தலைப்பின் கீழ் உள்ளவைதான் சர்வருக்கு. அந்தக் கடைசி டி, டீமன் என்பதன் சுருக்கம். பின்னணியில் ஓடும் புரோகிராமை யூனிக்ஸ்காரர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். வரியைத் தவறான தலைப்பின் கீழ் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிவது இந்தத் தொழிலில் சகஜம்.

பாஸ்வேர்ட் துபாய் போன கதை

இந்தச் செட்டிங் பைலுக்கு எவ்வளவு பலம் என்பதை ஒரு சிறிய அச்சகத்தில் நேரில் பார்த்தேன். கல்லூரி நண்பனின் அப்பாவுடைய அச்சகம். பில், வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் டெபியன் 7 ஓடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மைஎஸ்க்யூஎல் 5.5-இல் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். "தம்பி, இதைப் போட்டுக் கொடுத்த பையன் துபாய் போயிட்டான். போன் நம்பரும் மாறிப்போச்சு. எந்த பாஸ்வேர்டும் எங்களுக்குத் தெரியாது. பாக்கி நோட்டு தனியா எழுதல" என்றார் பெரியவர். பில் புரோகிராமின் பாஸ்வேர்ட் அதற்குள்ளேயே புதைந்திருந்தது, பார்க்க வழியில்லை. வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லினக்ஸின் ரூட் பாஸ்வேர்ட் மட்டும் சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் எழுதியிருந்தது.

டெபியனிலும் உபுண்டுவிலும் மைஎஸ்க்யூஎல் தொகுப்பு தன் பராமரிப்பு வேலைகளுக்காக டெபியன்-சிஸ்-மெயின்ட் என்ற பெயரில் ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை ஈடிசி டைரக்டரியில் ரூட் மட்டும் படிக்கக்கூடிய ஒரு பைலில் எழுதி வைக்கும். முதலில் அதைத்தான் முயன்றேன். நுழைய முடியவில்லை. "தெரியாத கணக்குகளை நீக்குங்கள்" என்ற அறிவுரையைப் படித்துவிட்டு அந்தப் பையன் அதையும் நீக்கியிருந்தார். பழைய டெபியனில் சர்வரை நிறுத்தும் ஸ்கிரிப்ட் இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்தும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அனுமதி மறுப்புச் செய்தி வந்ததன் காரணமும் அப்போது புரிந்தது.

சர்வரை நிறுத்தி, உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, டேட்டா டைரக்டரி முழுவதையும் ஒரு டார் பைலாகக் கட்டிப் பென் டிரைவில் எடுத்தேன். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அந்த ஒரு டேட்டாபேஸின் ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதாது. 5.5-இல் டேபிள்களைப் பற்றிய முக்கிய விவரங்கள் வெளியே உள்ள ஐபிடேட்டா1 என்ற பொது பைலில் இருக்கும். அது இல்லாமல் ஃபோல்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு செட்டிங் பைலைத் திறந்து, மைஎஸ்க்யூஎல்டி தலைப்பின் கீழ் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். ஸ்கிப்-கிரான்ட்-டேபிள்ஸ் ஒன்று. ஸ்கிப்-நெட்வொர்க்கிங் இன்னொன்று. முதல் வரியின் பொருள், யூசர் பட்டியலையே பார்க்காதே என்பது. அதாவது யார் வந்தாலும் முதலாளிதான்! அந்த நேரத்தில் வெளியிலிருந்து யாரும் நுழைந்துவிடாமல் நெட்வொர்க்கை அடைப்பது இரண்டாவது வரி. 8.0 பதிப்பிலிருந்து முதல் வரியைப் போட்டாலே நெட்வொர்க் தானாக அடைபடும். 5.5-இல் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஸ்டார்ட் கொடுத்தேன். பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே போய்விட்டேன். யூசர் டேபிளில் ரூட் பெயரில் நான்கு வரிகள் இருந்தன. லோக்கல்ஹோஸ்டுக்கு ஒன்று, கம்ப்யூட்டரின் பெயருக்கு ஒன்று, இரண்டு வகை ஐ.பி. முகவரிகளுக்கு இரண்டு. ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் என்று கொடுத்து யூசர் பட்டியலைத் திரும்பப் படிக்க வைத்துவிட்டு, நான்குக்கும் செட் பாஸ்வேர்ட் கட்டளையால் புதிய பாஸ்வேர்ட் வைத்தேன். இந்த ஃப்ளஷ் இல்லாமல் நேராக மாற்ற முயன்றால், ஸ்கிப்-கிரான்ட்-டேபிள்ஸில் ஓடுவதால் முடியாது என்று சர்வர் மறுத்துவிடும். (5.7 முதல் இந்த வேலைக்கு ஆல்டர் யூசர் கட்டளை வந்துவிட்டது.) அந்த இரண்டு வரிகளையும் பைலிலிருந்து நீக்கினேன், சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையால் முழு டேட்டாவையும் எடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வரிகளை நீக்க மறந்திருந்தால், பெரியவருடைய டேட்டாபேஸ் அன்றிலிருந்து கதவே இல்லாத வீடு.

பாக்கிப் பட்டியல் திரையில் வந்ததும் பெரியவருக்கு முகம் மலர்ந்தது. "அப்படின்னா பாஸ்வேர்ட் எதுக்குப்பா?" என்று கேட்டார். சரியான கேள்வி. டேட்டாபேஸின் பாஸ்வேர்ட், டேட்டாபேஸின் வாசல் வழியாக வருகிறவர்களைத் தடுக்கும். அதை எழுப்பி விடும் பைலைத் திருத்தக்கூடியவரைத் தடுக்காது. காலண்டரைப் படிக்கத் தெரிந்த யாரும் நான் செய்ததைச் செய்திருக்கலாம்.

மற்ற டேட்டாபேஸ்களிலும் இதே நிலைதான். போஸ்ட்கிரஸ்க்யூஎல்-இல் போஸ்ட்கிரஸ் என்ற லினக்ஸ் யூசராக மாறினாலே டேட்டாபேஸின் சூப்பர் யூசர் ஆகிவிடலாம். அதன் செட்டிங் பைலில் டிரஸ்ட் என்ற ஒரு சொல்லைப் போட்டால் பாஸ்வேர்டே கேட்காது. ஆரக்கிளில் டிபிஏ என்ற யூனிக்ஸ் குழுவில் உங்கள் பெயர் இருந்தால் பாஸ்வேர்ட் இல்லாமல் உச்ச அதிகாரத்தோடு நுழையலாம். ஆகவே கவலைப்பட வேண்டியது சூடோ கட்டளைக்கு நீங்கள் தரும் லினக்ஸ் பாஸ்வேர்டைப் பற்றி. அதைக் காலண்டரில் எழுதாதீர்கள். உபுண்டுவின் ரெகவரி மோடில் சாதாரணமாகப் பாஸ்வேர்ட் இல்லாமலே ரூட்டாக நுழைய முடியும் என்பதால், பலர் வந்து போகும் கடையில் கம்ப்யூட்டர் இருந்தால் லினக்ஸ் நிறுவும்போதே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

வெளிக்கதவு

செட்டிங் பைலில் இன்னொரு வரியையும் பார்த்து வையுங்கள். பைண்ட்-அட்ரஸ் என்ற அந்த வரியில் உபுண்டு 127.0.0.1 என்று எழுதி வைத்திருக்கும். இதே கம்ப்யூட்டரிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல் என்று பொருள். மொபைலிலிருந்து பார்க்க வேண்டும், இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து இணைய வேண்டும் என்று சிலர் இதை 0.0.0.0 என்று மாற்றுவார்கள். அது எல்லா நெட்வொர்க் வழிகளையும் திறந்துவிடும். 2017-இல் மாட்டியவை இப்படி வெளியே திறந்து கிடந்த சர்வர்கள்தான்.

இப்போது எப்படி இருக்கிறது என்று அறிய, கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு டெர்மினலில் எஸ்எஸ் என்று டைப் செய்து, ஓர் இடைவெளியும் ஒரு கோடும் விட்டு டி, எல், என் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். கிடைக்கும் பட்டியலில் 3306 என்ற எண்ணைத் தேடுங்கள். அதற்கு முன்னால் 127.0.0.1 இருந்தால் நல்லது. நட்சத்திரக் குறியோ 0.0.0.0 என்றோ இருந்தால் செட்டிங் பைலுக்குத் திரும்புங்கள். 33060 என்று இன்னொரு வரியும் தென்பட்டால் திடுக்கிட வேண்டாம். அதுவும் மைஎஸ்க்யூஎல்தான். 8.0 முதல் புதிய வகை இணைப்புகளுக்காக இரண்டாவது கதவு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னாலும் 127.0.0.1 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.